காற்றுப் புகாத போத்தல்கள்

பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக்கை ஆபீசுக்குக் கொண்டுவந்து, முடிச்சை அவிழ்த்து, பையை விரலால் மேல்நோக்கி நீவி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, மறுபடி இறுக்கிக் கட்டிவைக்கிற ஆளை நான் அவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் குடித்துவிடப்போகிற தேத்தண்ணிக்கு இத்தனை சடங்கு. ஏன் அக்கா என்று கேட்டால், "இருக்கட்டுமே பாய், அதுக்கு எதுக்கு காத்து?" என்பார்.

என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் நாங்கள் வேலை பார்த்த லேபில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும்தான். சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மூடியின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கி, 'புஸ்' என்று சத்தம் வந்த பிறகுதான் இறுக்குவார். அந்த 'புஸ்' கேட்டால் மதிய இடைவேளை முடிந்தது என்று அர்த்தம். தண்ணீர் போத்தலை விளிம்பு வழிய நிரப்புவார். என் காரில் ஏறினால் நான் ஏற்றிவிட்ட கண்ணாடியை இன்னொரு தடவை ஏற்றிப் பார்ப்பார். கோபம் வரும், ஆனால் சிரிப்பு முந்திக்கொள்ளும்.

பேச்சும் அப்படித்தான். அவர் காதுக்குள் போனது வாய்வழியாக வெளியே வராது. லேபின் ஓட்டுநர் ஒருமுறை விலையுயர்ந்த கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். எங்கள் பாஸ் ஒரு வாரம் எல்லோரையும் போட்டு வறுத்தெடுத்தார். அக்கா மட்டும் அதைப் பார்த்திருந்தார் என்பது, நான்கு வருஷம் கழித்து ஓட்டுநர் வேலையை விட்டுப் போகிற அன்று கேக் வெட்டும்போது தானாகவே ஒப்புக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. "உங்களுக்குத் தெரியுமா அக்கா?" என்று எல்லோரும் திரும்பினோம். அவர் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

நான் அப்படியே எதிர்ப்பதம். எங்கள் வாப்பாவுக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை. வாடிக்கையாளர் வாசலைத் தாண்டுமுன் பேசிப் பிடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் படிப்பு. நான் வேதியியல் படித்தேன்தான், ஆனால் கடைப்பேச்சு போகவில்லை. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அந்த மண் பரிசோதனை லேபில் எனக்குக் கொடுத்த வேலையும் அதுதான்: அறிக்கை எழுதுவது, வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது. அக்கா பின்னறையில் போத்தல்களோடு இருந்தார்.

அந்தப் போத்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பெட்ரோல் கியோஸ்க், எண்ணெய் ஊறிய மண், இப்படிப்பட்ட நிலங்களில் ஆழத்தில் இருந்து சேற்றை எடுத்து, காற்றே படாமல் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, ரப்பர் மூடி போட்டு, இருட்டில் வைத்துவிடுவார். அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாமலே வாழ்கிற பாக்டீரியா உண்டு. பெட்ரோலில் இருக்கிற டொலுவீன் போன்ற விஷங்களை மெல்ல மெல்லத் தின்னும். கிள்ளான் மண் கடல் பக்கத்து மண் அல்லவா, அதில் இருக்கிற சல்ஃபேட்டை வைத்துக்கொண்டே அவை மூச்சை ஓட்டிவிடும். அதன் அடையாளமாகச் சேறு கறுத்து, அழுகிய முட்டை வாசம் வரும். நாங்கள் மூக்கைப் பொத்துவோம். அக்காவுக்கு முகம் மலரும்.

அவற்றை அவர் பாக்டீரியா என்று சொல்வதில்லை. "கீழ்வீட்டுக்காரங்க" என்பார். "கீழ்வீட்டுக்காரங்க அவசரப்பட மாட்டாங்க பாய். மேல இருக்கறவங்களுக்குக் காத்து இருக்கு, ஓடி ஓடித் திங்கறாங்க. இவங்களுக்கு அது கெடையாது. ஒரு வாய் சாப்பிட ஒரு மாசம் ஆகும்."

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சாயத்தைச் சொட்டு விட்டிருப்பார். காற்று இல்லாதவரை அதற்கு நிறமே கிடையாது. ஒரு மூச்சுக் காற்று உள்ளே போனாலும் மேலே நிற்கும் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். ஆகவே காலையில் வந்ததும் முதல் வேலை, அலமாரியைத் திறந்து போத்தல்களைப் பார்ப்பது. ரோஸ் இல்லை என்றால்தான் கைப்பையைக் கீழே வைப்பார்.

எல்லாம் டீச்சரின் நிலத்தில் தொடங்கியது. டீச்சர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கிள்ளானில் அவருடைய கணவர் முன்பு பெட்ரோல் கியோஸ்க் நடத்திய நிலம் சும்மா கிடந்தது. கணவர் இறந்தபின் அங்கே ஒரு தாடிக்கா, சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி, கட்ட ஆசைப்பட்டார். பழைய டாங்கியைத் தோண்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் அது எத்தனையோ வருஷம் கசிந்திருக்கிறது. கீழே எண்ணெய் இருந்தால் அதன் ஆவி மேலே வரும், பிள்ளைகள் அதைத்தான் சுவாசிப்பார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் ஓரளவு வேகமாகத் தின்றால் மண்ணை அப்படியே விட்டு அடுத்த வருஷம் கட்டலாம். இல்லையென்றால் அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. இதைத்தான் நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அக்கா ஒன்பது போத்தல் அடைத்தார். ஆறில் உயிருள்ள சேறு. மூன்றில் அவித்துச் சாகடித்த சேறு. உயிருள்ளதில் டொலுவீன் குறைந்து, அவித்ததில் குறையாமல் இருந்தால், தின்றது பாக்டீரியாதான் என்று அடித்துச் சொல்லலாம். மாதம் ஒரு தடவை ஊசியால் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்.

ஏழு மாதம் ஆகியும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. தலைமுடி அளவு குறைந்தது, அவ்வளவுதான். டீச்சர் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னாச்சு லா மிஸ்டர்? பேரண்ட்ஸ் எல்லாம் பேரு குடுத்துட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"கொஞ்சம் பொறுங்க டீச்சர், வந்துரும்," என்பேன். எது வந்துவிடும் என்று எனக்கே தெரியாது. கடைக்காரன் பிள்ளைக்கு 'இல்லை' என்கிற சொல் வாயில் வராது.

எட்டாவது மாதம் அக்காவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய பிளாட் ஒன்றில் அம்மாவும் மகளும் மட்டும்தான். தாத்தா காலத்திலிருந்து ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் சபை. அக்கா மூன்று நாள் லீவு எடுத்தார். எனக்கு அவரைத் தெரிந்த காலத்தில் அவர் எடுத்த முதல் லீவு அது. போகுமுன் மாதிரி எடுக்கும் முறையை ஒரு தாளில் படிப்படியாக எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டி, என்னிடம் ஒப்படைத்தார். போத்தலில் இருந்து பத்து மில்லி எடுக்கும் முன், அதே பத்து மில்லி நைட்ரஜனை ஊசியால் உள்ளே ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஊசியை மூன்று தடவை நைட்ரஜனால் கழுவ வேண்டும். அந்த 'மூன்று தடவை'க்குக் கீழே சிவப்புக் கோடு.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் சிலிண்டரின் திருகு எனக்கு அசையவில்லை, அதைத் திருப்பும் ஸ்பேனர் எங்கே என்றும் தெரியவில்லை. அப்போது படித்த மூளை ஒரு யோசனை சொன்னது. காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தானே. கொஞ்சூண்டு ஆக்சிஜன் என்ன செய்துவிடும்? ஒரு பட்டதாரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. படிக்காதவனாக இருந்திருந்தால் தாளில் எழுதியபடி செய்யமுடியவில்லை என்று விட்டுவிட்டுப் போயிருப்பான்.

ஆறு போத்தலுக்கும் அறைக்காற்றை ஏற்றி மாதிரி எடுத்தேன். அவித்த மூன்றில் என்ன மாறப்போகிறது, அக்கா வந்து எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கை கழுவிவிட்டுத் திரும்பினால், ஆறும் பாண்டுங் தண்ணி மாதிரி ரோஸ்.

பள்ளிவாசலில் எனக்குத் தொழுகையில் மனசே ஒட்டவில்லை. மறுநாள் காலையில் ஓடிவந்து அலமாரியைத் திறந்தேன். நிறம் போயிருந்தது. ஆறும் பழையபடி தெளிவாக, ஒன்றுமே நடக்காதது போல. அப்பாடா என்று கதவைச் சாத்தினேன். உள்ளே போன ஆக்சிஜன் எங்கே போயிற்று என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் அக்கா வழக்கம்போல் மாதிரி எடுத்து மெஷினில் ஓட்டினார். அவித்த மூன்றிலும் டொலுவீன் அப்படியே இருந்தது. உயிருள்ள ஆறிலும் பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான்.

"ஏழு மாசமா நடந்தவங்க திடீர்னு ஓடறாங்க பாய். போன மாசம் நீங்க எடுத்தீங்களே, அப்ப ரோஸ் ஆச்சா?"

"இல்லையே அக்கா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல லா. நீங்க எழுதி வச்ச மாதிரியேதான் செஞ்சேன்."

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவர் போத்தலை நம்பமாட்டார், மூடியை நம்பமாட்டார், மெஷின் சொல்லும் எண்ணை இரண்டு தடவை ஓட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். ஆனால் மனுஷன் வாயால் சொன்னால் நம்பிவிடுவார். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஒரு மாதம் நான் பார்த்த அக்கா வேறு ஆள். கொமியூட்டர் ரயிலில் வந்து இறங்கி நடந்து வருகிறவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கேசரி செய்து கொண்டுவந்தார். "பதினெட்டு வருஷமா இந்தச் சேத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன் பாய். ஒரு தடவையாச்சும் கண் முன்னால பாத்துட்டேன்," என்றார். ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "நேத்து சர்ச்சுல சாட்சி சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஆராதனையில் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. கடவுள் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று எல்லோர் முன்னிலும் சொல்லலாம். நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், பிள்ளை பிறந்தவர்கள் எல்லாம் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சபைக்குப் போகும் அக்கா ஒருமுறைகூட எழுந்ததில்லை. இப்போது போத்தல்களுக்காக எழுந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் 'என் மக, என் மக' என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நானும் சும்மா இருக்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டு நல்ல செய்தி என்று சொல்லிவிட்டேன். தாடிக்கா வரப்போகிறது என்று டீச்சர் நிலத்தில் பலகை நட்டார்.

பத்தாவது மாதம் டொலுவீன் குறையவில்லை. பதினோராவது மாதமும் அதே இடத்தில் நின்றது.

அக்கா தன்னைத்தான் சந்தேகப்பட்டார். ரப்பர் மூடிகளின் புதுப் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அலமாரியின் சூட்டை நாளுக்கு நான்கு தடவை அளந்தார். சாப்பாட்டு டப்பா 'புஸ்' சொல்வது நின்றுபோயிற்று, ஏனென்றால் அவர் சாப்பிடவே இல்லை. ஒரு நாள் மத்தியானம் நான் பின்னறைக்குப் போனபோது, பாஸுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். போத்தல்களை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லி.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்தாங்க பாய். நான் எடுத்ததுக்கு அப்பறம்தான் நின்னுட்டாங்க. என் கையிலதான் ஏதோ கோளாறு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. அந்தப் புள்ளைங்க பள்ளிக்கூடத்த நான்தான் கெடுத்துட்டேன்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜும்மா, ஸ்பேனர், அறைக்காற்று, ரோஸ், மறுநாள் நிறம் போனது, அவர் கேட்டபோது நான் பொய் சொன்னது.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடாமலே கேட்டார்.

"எத்தன மில்லி?"

"பத்து. ஒவ்வொண்ணுக்கும்."

கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பத்து மில்லி காற்றில் இவ்வளவு ஆக்சிஜன், அது இருந்தால் காற்றுக்கு ஏங்கிக் கிடக்கிற வேறு வகை பாக்டீரியா விழித்து இவ்வளவு டொலுவீனைத் தின்னும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அவையும் அடங்கிவிடும். குறைந்த அளவும் அவர் போட்ட கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. கீழ்வீட்டுக்காரர்கள் ஓடவே இல்லை. அவர்கள் பாட்டுக்கு எப்போதும்போல் நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்ப என் கை இல்ல," என்றார். பிறகு, "நான் கேட்டேனே பாய்," என்றார். இந்த விஷயத்தில் அவர் என்னைக் குறை சொன்னது அந்த மூன்று சொல்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

அன்றைக்கே டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நாளை போகலாமே என்றதற்கு, "நாளைக்கு இன்னொரு பேரண்ட் பேரு குடுப்பாங்க," என்றார்.

டீச்சர் எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார். அக்கா அவரை உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"டீச்சர், நாங்க சொன்ன ரிசல்ட் தப்பு. லேப்ல போத்தலுக்குள்ள காத்து போயிருச்சு. அதுதான் கொறஞ்ச மாதிரி காட்டிருச்சு."

டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு செஞ்சது?"

"எங்க லேப்ல நடந்தது. சரிபாக்க வேண்டியது என் வேலை."

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வினாடி. அந்த வினாடி போய்விட்டது.

"அப்ப அந்த பாக்டீரியா திங்குதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"திங்குது டீச்சர். பொய் இல்ல, நெசமாவே திங்குது. ஆனா புள்ளைங்க வளர்ற வேகத்துக்கு இல்ல."

டீச்சர் எழுந்து போய் பெயர் எழுதிய நோட்டை எடுத்துவந்தார். "நல்லவேள, இப்பவே சொன்னீங்க லா," என்று சொல்லி முதல் எண்ணுக்குப் போன் போட்டார். அழுதுகொண்டேதான் போட்டார். பிற்பாடு பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பாதிப் பிள்ளைகளோடு அங்கே தொடங்கினார். அந்த நிலத்தில் இன்றைக்கும் புல்தான்.

திரும்பும்போது அக்காவைக் காரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை கொண்டுபோய் விட்டேன். பிளாட் வாசலில் இறங்கியபின் ஜன்னல் வழியாகக் குனிந்து, "இன்னும் ஒரு எடத்துல சொல்லணும் பாய்," என்றார். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நானும் வரலாமா என்று கேட்டேன். "வாசல் தொறந்துதான இருக்கு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சர்ச்சுக்குள், கடைசி பெஞ்சில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். அக்கா முன்னால் நான்காவது வரிசையில் அம்மாவோடு இருந்தார். அம்மாவுக்கு இன்னும் கறுப்புக் கண்ணாடிதான். போதகர், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார். ஒரு பெண்மணி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். ஒரு பெரியவர் சர்க்கரை இறங்கியதைச் சொன்னார். "ஸ்தோத்திரம்."

அக்கா எழுந்து நின்றார்.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன இதே எடத்துல ஒரு சாட்சி சொன்னேன். என் வேலையில ஆண்டவர் ஜெயம் குடுத்தாருன்னு சொன்னேன். அது உண்மையில்ல. போத்தலுக்குள்ள காத்து போயிருந்துச்சு. சரிபாக்க வேண்டியது நான், பாக்காம இங்க வந்து ஒங்க முன்னால நின்னு சொல்லிட்டேன். அந்தச் சாட்சிய நான் திருப்பி எடுத்துக்கறேன். மன்னிச்சிருங்க."

சொன்ன சாட்சியைத் திருப்பி எடுக்க யாரும் அங்கே எழுந்ததில்லை போலிருக்கிறது. இதற்கு "ஸ்தோத்திரம்" வரவில்லை. அக்கா உட்காரவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தார். முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சிலர் தமக்குள் ஏதோ கிசுகிசுத்தார்கள். அவருடைய அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

என் முன்னால் இருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்தேன். எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அங்கே யாரும் என்னைத் தடுக்கப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றுதான் போதகர் சொல்லியிருந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.